லேபிளில் நிற்கும் மாடு

லெட்யூஸ் என்கிற சாலட் இலையை நான் இப்போது கையால்கூடத் தொடுவதில்லை. பெங்களூரில் யார் வீட்டு ரிசப்ஷனுக்குப் போனாலும் சாலட் மேசைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. "இன்னா, டயட்டா?" என்று சொந்தக்காரர்கள் கிண்டல் செய்கிறார்கள். டயட்டும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த இலை எப்படி வளர்கிறது, அதன் மிச்சம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

ஓசூர் தொழிற்பேட்டையில் முன்பு ஸ்பிரிங் செய்துகொண்டிருந்த ஒரு ஷெட். அந்தக் கம்பெனி மூடிக் கிடந்த இடத்தை பெங்களூர்க்காரர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். ஜன்னல்களையெல்லாம் தகரம் வைத்து அடைத்தார்கள். உள்ளே கூரை வரைக்கும் இரும்பு அடுக்குகள், அடுக்குக்கு அடுக்கு ரோஸ் நிற விளக்கு, மண்ணே இல்லாமல் தண்ணீரில் கீரை. வெர்டிகல் ஃபார்ம் என்று வாசலில் போர்டு. நான் அங்கே தரப்பிரிவில் இருந்தேன். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்ததற்கு அதுதான் கிடைத்தது. தண்ணீரில் உப்பு சரியா என்று அளப்பேன், இலையில் பழுப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன், டப்பா மூடி இறுகியிருக்கிறதா, லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன். என் கை படாமல் ஒரு டப்பாவும் வண்டி ஏறாது.

வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே அதே வெயிலுக்குப் பதிலாகக் கரண்டில் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் சூடாகும், அந்தச் சூட்டை இறக்க ஏசி ஓடும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் கரும்புகையைக் கக்கிக்கொண்டு எழும். சும்மா கிடைக்கிற சூரியனைத் தகரம் வைத்து அடைத்துவிட்டு டீசலில் ஒரு சூரியனைச் செய்து கீரைக்குக் காட்டுகிற கூத்தை, தலையில் வலைக்குல்லாய் மாட்டிக்கொண்டு வந்த விருந்தாளிகள் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "பூமியைக் காப்பாற்றுகிறீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பொய் சொல்லக் கூடாது. தண்ணீர் விஷயத்தில் அவர்கள் சொன்னது உண்மைதான். வயலுக்குப் பாய்ச்சுகிற தண்ணீரில் பத்தில் ஒரு பங்குதான் அங்கே செலவாகும். ஓடின தண்ணீரே திரும்பத் திரும்ப ஓடும். பூச்சிமருந்தும் கிடையாது. சேர்ந்த புதிதில் நானும் இதையெல்லாம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் உப்பு ஏறிப்போன தொட்டித் தண்ணீரை மாற்றும்போது அது பின்பக்கச் சாக்கடைக்குத்தான் போகும், அதை யாரும் விருந்தாளிகளுக்குக் காட்டியதில்லை. இலை போகிற டப்பாவோ கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக். ஒரு கைப்பிடி இலைக்கு ஒரு டப்பா. விலை விழுந்த வாரங்களில் பேரிகை ஊர்ப் பக்கத்து விவசாயிகள் கொத்தமல்லியை ரோட்டோரம் மலையாகக் கொட்டிவிட்டுப் போவார்கள். அந்த வாசனைக்குள் புகுந்துதான் எங்கள் ஏசி வண்டி பெங்களூருக்குப் போகும்.

இதெல்லாம் எரிச்சல்தான். எரிச்சலோடு யாரும் வேலையை விடுவதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும், நானும் போய்க்கொண்டிருந்தேன்.

எங்கள் வீடு தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற தெருவில். அடுத்த வீடு என் அண்ணியுடையது, என் வீட்டுக்காரரின் அக்கா. அவளுடைய கணவர் இறந்த பிறகு கம்பெனிகளில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முழங்கால் வலி வந்ததும் அதை விட்டுவிட்டு, பேரிகைச் சந்தையில் ஒரு மாடு பிடித்து வந்தாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கலப்பின மாடு. வலது கொம்பு கண்ணைப் பார்த்து உள்பக்கமாக வளைந்திருக்கும். அண்ணி அதைப் பொண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அதன் பால்தான் அவளுடைய அடுப்பை எரித்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை. எங்களிடம் கை நீட்டவும் மாட்டாள். அப்படி ஒரு ரோஷம்.

மாடு வைத்திருக்கிறவளுக்கு அந்தத் தெருவில் இருந்த ஒரே பிரச்சினை தீவனம். மேய்ச்சலுக்கு ஒரு சாண் இடம் கிடையாது. பார்க்கிற பக்கமெல்லாம் காம்பவுண்டுச் சுவரும் கம்பி வேலியும்தான். அண்ணி சாக்கடையோரம் இருக்கிற புல்லை அறுத்துவந்து, அலசி, வைக்கோலோடு கலந்து போடுவாள்.

ஒரு பொங்கலுக்கு எங்கள் மேனேஜருக்கு ஒரு யோசனை வந்தது. பெங்களூரில் பிறந்து வளர்ந்த பையன், தன்மையாகப் பேசுவான், யாரையும் ஒரு சொல் கடிந்து பேச மாட்டான். அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயமே. "மேடம், நம்மளும் ஃபார்ம்தானே? மாட்டுப்பொங்கல் செலிப்ரேட் பண்ணலாமே" என்றான். பண்ணை என்றால் மாடு வேண்டும். எங்கள் பண்ணையில் மண்ணே கிடையாது, மாட்டுக்கு எங்கே போவது? செக்யூரிட்டி போய் அண்ணியிடம் கேட்டான். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு ஒரு பக்கம் நீலமும் ஒரு பக்கம் சிவப்பும் பூசி, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டு ஓட்டிக்கொண்டு வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் கோலம் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் கிரேட்டில் லெட்யூஸை நிரப்பி மாட்டின் முன்னால் வைத்தார்கள். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வாய் கவ்வியது. அந்த நேரத்தில் நாலு பக்கமிருந்தும் போட்டோ எடுத்தார்கள்.

அண்ணியை மட்டும் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். போட்டோவில் அவளுடைய கை விழுந்ததாம்.

அன்றைக்கே மேனேஜர் அவளிடம் சொன்னான், "அம்மா, இனிமே டெய்லி பின்கேட்டுக்கு வாங்க. எங்க மிச்சம் எல்லாம் உங்க மாட்டுக்குத்தான். ஃப்ரீ." அண்ணி கையெடுத்துக் கும்பிட்டாள். என்னிடம் வந்து, "ஏம்மா, உங்க சாரு நல்லா இருக்கணும்மா. புல்லுக்கு நான் சாக்கடையாண்ட போவத் தேவையில்ல" என்றாள். எனக்கும் அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

இங்கே விதைப் பஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண் இல்லாததால் விதையை ஒரு சின்ன ஸ்பாஞ்சுத் துண்டில் வைப்போம். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு மாதிரிதான், பகடைக்காய் அளவு, நடுவில் விதை வைக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கீறல். வேர் அந்தப் பஞ்சைத் துளைத்துக்கொண்டு கீழே தண்ணீருக்கு இறங்கும். இலையை அறுத்த பிறகு வேரும் பஞ்சும் பின்னிப்பிணைந்து கிடக்கும். ஆரம்பத்தில் பின்கட்டில் உட்கார்ந்து இரண்டு பெண்கள் கத்தரியால் பஞ்சைத் தனியாக வெட்டி எடுப்பார்கள். பஞ்சு குப்பைவண்டிக்கு, தழையும் வேரும் அண்ணியின் மூட்டைக்கு. இதை நானே நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் கவலைப்படவில்லை.

பிறகு கம்பெனிக்கு ஒரு சான்றிதழ் தேவைப்பட்டது. ஜீரோ வேஸ்ட், அதாவது குப்பையே இல்லாத பண்ணை. அதைப் பார்த்துத் தர ஆட்கள் வரப்போகிறார்கள் என்று மேனேஜர் பரபரத்தான். லேபிளும் புதிதாக வந்தது. மாட்டுப்பொங்கலன்று எடுத்த அந்தப் போட்டோ: வளைந்த கொம்பு, சாமந்தி மாலை, வாயில் பச்சை இலை. அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. நான்தான் லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறவள். ஆகவே எங்கள் வீட்டு மாட்டின் முகத்தைத்தான் காலையிலிருந்து சாயங்காலம் வரை தடவிக்கொண்டிருந்தேன். வேடிக்கையாக இருந்தது. அண்ணியிடம் சொன்னேன். "பெங்களூரு வரிக்கும் போவுதா எம்பொண்ணு" என்று சிரித்தாள். ஆனால் டப்பாவை அவள் பார்த்ததில்லை. ஒரு டப்பாவும் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை, எல்லாமே வண்டியேறிவிடும்.

மாடு அப்போது சினையாக இருந்தது. அண்ணி தெருவில் போகிற வருகிறவர்களை நிறுத்தி, "இந்த வாட்டி கெடேரிதான் போடும் பாரு" என்பாள்.

முதலில் மாடு அசைபோடுவதை நிறுத்தியது. பிறகு சாணம் போடவில்லை. இடது பக்க வயிறு பானை மாதிரி உப்பிக்கொண்டது. அண்ணி ஓமம் இடித்துக் கொடுத்தாள், எண்ணெய் புகட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது வந்து, "ஏம்மா, பொண்ணு தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்குதும்மா" என்றாள். லீவு சொல்லிவிட்டு, கால்நடை மருத்துவரைக் கூட்டிவந்தோம்.

டாக்டர் ஒரு பெண். மாட்டின் விலாவில் முஷ்டியை வைத்து அழுத்தினார். அழுத்தின குழி மெதுவாகத்தான் எழும்பி வந்தது. "உள்ள என்னமோ அடைச்சிட்டு இருக்கு. என்ன போடறீங்க?" என்று கேட்டார். அண்ணி பெருமையாகவே சொன்னாள், கம்பெனித் தழை என்று. மாடு தின்கிற காடித்தொட்டியைக் காட்டினாள். டாக்டர் கையை உள்ளே விட்டு எடுத்தார். தவிடும் புண்ணாக்கும் கரைத்த தண்ணீரில் ஊறிப் பழுப்பேறிய பஞ்சுத் துண்டுகள், வேரோடு. ஒன்றைப் பிழிந்தார். கொழகொழவென்று தவிட்டுத் தண்ணீர் வடிந்தது.

"இதையா போட்டீங்க?"

"அது செடிப்பஞ்சுதானுங்களே" என்றாள் அண்ணி. "பின்கேட்டாண்ட கேட்டேனுங்க. தேங்கா நாரு மாதிரி, மாடு செரிச்சிக்கும்னு சாரே சொன்னாரு. வெறுந்தழைய அது திங்கல. அதான் தழையப் பொடிசா நறுக்கி, பஞ்சோட தவுட்டுல ஊறவெச்சிப் போட்டேன். அப்பறம் நல்லா தின்னுச்சு."

மாடு வளர்க்கிற எந்த வீட்டிலும் செய்கிற வேலை அது. தின்ன மறுப்பதைத் தவிட்டில் ஊறவைத்தால் தின்றுவிடும். தழையை விடப் பஞ்சுதான் தவிட்டை நன்றாகக் குடித்தது. அதனால் மாடு பஞ்சைத்தான் தேடித் தேடித் தின்றிருக்கிறது.

நின்ற நிலையிலேயே மரத்துப்போக ஊசி போட்டு, இடது விலாவைக் கிழித்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். அண்ணி மாட்டின் முகத்தைத் தன் சேலையால் மூடி, கட்டிக்கொண்டு நின்றாள். டாக்டர் தோள்வரைக்கும் கையுறை போட்டு உள்ளே கைவிட்டு எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. பஞ்சும் வேரும் ஒன்றோடொன்று இறுகி, தலைமுடிச் சிக்கு மாதிரி உருண்டை உருண்டையாக. புளித்த நாற்றம் தெருவையே தூக்கியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பக்கெட் நிறைந்து, அன்னக்கூடை நிறைந்து, அப்புறம் தரையில் கொட்டினார்கள்.

அதில் ஒரு துண்டைக் குழாயில் காட்டி அலசினேன். ஏன் அலசினேன் என்று தெரியவில்லை, கை தானாகச் செய்தது. அழுக்குப் போனதும் புதுசு மாதிரி இருந்தது. விதை வைக்க நாங்கள் போடுகிற கீறல்கூட அழியவில்லை. இத்தனை பெரிய வயிறு அரைத்தும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

மறுநாள் நேராகப் பின்கட்டுக்குப் போய், கத்தரியோடு உட்கார்கிற பெண்களைக் கேட்டேன். கத்தரி இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சொன்னாள், "இப்ப வெட்டறதில்லீங்க மேடம். குப்பைன்னு ஒண்ணு இருக்கவே கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு. குப்பவண்டியும் வர்றதில்ல. எல்லாம் மாட்டு மூட்டையிலதான்."

பல நாள் அப்படித்தான் நடந்திருக்கிறது. சான்றிதழ் கொடுக்க வந்தவர்கள் முன்கேட்டில் குப்பைவண்டி நிற்கிறதா என்று பார்த்தார்கள். நிற்கவில்லை. குப்பை எங்கே என்று கேட்டார்கள். குப்பையே இல்லை, எல்லாம் மாடு தின்கிறது என்று காட்டினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தக் குப்பைத்தொட்டிக்கு நாலு காலும் ஒரு வளைந்த கொம்பும் இருந்தது, வயிற்றில் ஒரு கன்றும் இருந்தது. அது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

கன்று முதலில் போனது, செத்தே பிறந்தது. அண்ணி சொன்னபடி கிடேரிதான், பெண்கன்று. மாடு அதை நக்கக்கூட எழுந்திருக்கவில்லை. சில நாளில் மாடும் போனது. புதைப்பதற்குத் தெருவில் எங்கே இடம்? ஏரிக்கரைப் பக்கம் ஒரு ஜேசிபிக்காரரைக் கெஞ்சிக் குழி வெட்டினோம். வண்டியில் ஏற்றும்போது கொம்பில் பொங்கல் நீலம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அண்ணி அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து காடித்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மேனேஜரிடம் சொன்னேன். உண்மையிலேயே அவன் கண் கலங்கியது. "ஓ நோ. ஸோ ஸாரி மேடம். பாவம்" என்றான். பிறகு மெதுவாக, "ஆனா அது தேங்கா நாரு மாதிரின்னுதான் நெனச்சேன், வேணாம்னா மாடு ஒதுக்கிடும்னு. தவிட்டுல கலந்து குடுக்கச் சொல்லி நாம சொல்லலியே?" என்றான். தட்டில் கறிவேப்பிலையை ஒதுக்கிவைக்கிறவன், மாடும் அப்படி ஒதுக்கிவைக்கும் என்று நினைத்துவிட்டான்.

சாயங்காலம் கம்பெனி ஆள் ஒருத்தன் அண்ணி வீட்டுக்கு வந்தான். கையில் ரிப்பன் கட்டின கூடை. கம்பெனியின் வருத்தத்தைத் தெரிவிக்கிறார்களாம். உள்ளே சாலட் டப்பாக்கள் நாலைந்து. மாட்டைக் கொன்ற பஞ்சில் முளைத்த அதே இலை, ரிப்பனோடு. இந்த மாதிரி ஒரு அசிங்கத்தை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. தூக்கி எறியப்போனேன். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, ஒரு டப்பாவை எடுத்துக் கண்ணருகில் கொண்டுபோனாள்.

"எம்பொண்ணு" என்றாள்.

கட்டைவிரலால் அந்தக் கொம்பைத் தடவினாள். மாலையைத் தடவினாள். "கீழ இன்னா எழுதியிருக்குது? படி" என்றாள்.

"ஒண்ணுமில்ல அண்ணி, கம்பெனி பேரு" என்றேன்.

"பேரு மேல இருக்குது. கீழ இருக்கறதப் படி."

தமிழில் சொன்னேன். "எங்கள் பண்ணையில் எதுவும் வீணாவதில்லை."

அண்ணி அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டாள். புரிந்ததா, கோபமா, ஒன்றும் தெரியவில்லை. பிறகு சொன்னாள், "அது செத்துப்பூட்ச்சுன்னு அவங்ககிட்ட சொல்லும்மா. செத்ததோட மூஞ்ச வெச்சி விக்கக் கூடாது. எடுத்துடச் சொல்லு. வேற ஒண்ணும் எனக்கு வேணாம்."

வேறு ஒன்றும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். மாட்டுக்குப் பதில் மாடு கேட்டிருக்கலாம், தெருவைக் கூட்டிக் கத்தியிருக்கலாம். கேட்டது இந்த ஒன்றுதான்.

காலையில் மேனேஜர் அறைக்குள் போனேன். உட்காரக்கூட இல்லை. "அந்த மாடு செத்துப்போச்சு. அது படத்த லேபிள்லருந்து எடுங்க. அந்த அம்மா கேக்கறாங்க" என்றேன்.

அவன் நாற்காலியில் முன்னால் சாய்ந்தான். "ஐ அண்டர்ஸ்டாண்ட், மேடம். நெக்ஸ்ட் பிரிண்ட்ல கண்டிப்பா மாத்திடலாம். ஆனா இப்ப ஸ்டோர்ல ரோல் நெறைய இருக்கு."

"அதத் தூக்கிப் போடுங்க."

"அது எல்லாமே பிளாஸ்டிக், மேடம்" என்றான். அவன் முகத்தில் நிஜமான வருத்தம் இருந்தது. "அவ்வளத்தையும் தூக்கிப் போட்டா என்விரான்மென்ட்டுக்கு எவ்வளவு கெடுதல்? நம்ம கொள்கை என்ன? எதையும் வேஸ்ட் பண்ணக் கூடாது."

கிண்டல் இல்லை. மனதாரச் சொன்னான். அதைத்தான் இன்றுவரை என்னால் செரிக்க முடியவில்லை. அயோக்கியன் என்றால் அறைந்துவிட்டு வந்திருப்பேன். அவன் நல்லவன், செடிக்கு வலிக்கும் என்று மெதுவாகப் பறிக்கச் சொல்கிறவன். தலைக்குல்லாயைக் கழற்றினேன், கையுறையைக் கழற்றினேன், அவன் மேசைமேல் வைத்தேன். "இனிமே டப்பாவ வேற யாராவது பாக்கட்டும்" என்றேன். "மேடம், எமோஷனலா முடிவெடுக்காதீங்க" என்று பின்னாலேயே சொல்லிக்கொண்டு வந்தான். வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள், பூமியைக் காப்பாற்றுவது எப்படி என்று பார்க்க.

அண்ணி கவிழ்த்த தொட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். நான் பகல் வேளையிலேயே வீட்டுக்கு வருவதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி புரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சொன்னியா?"

"சொன்னேன் அண்ணி."

"எடுத்துடறாங்களாமா?"

"ஸ்டோர்ல ரோலு நெறைய இருக்குதாம். அது தீர்ற வரிக்கும் எடுக்க மாட்டாங்களாம். வீணாப் போயிடுமாம்."

அண்ணி பெங்களூர் ரோட்டுப் பக்கம் திரும்பினாள். எங்கள் ஏசி வண்டி அந்த நேரத்துக்குத்தான் கிளம்பும்.

"அப்ப அது தீர்ற வரிக்கும்," என்றாள், "எம்பொண்ணு அந்தத் தழையத் தின்னுக்கினேதான் இருக்கும்."